பொன்னங்காட்டில் முளைத்த ஆஸ்பத்திரி

வரகங்கிணற்றில் அரசு ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நட்ட நாற்பத்தோராம் நாள், அங்கேயிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, அமைச்சர் சொக்கநாதனுக்குச் சொந்தமான பொன்னங்காட்டுத் தோட்டத்தில், கொய்யா மரங்களுக்கு நடுவே, ஆஸ்பத்திரி முளைத்தது. தண்ணீர் பாய்ச்சப் போன தோட்டக்காரர் முதலில் அதைக் காளான் என்று நினைத்துக் காலால் எத்தப் பார்த்தார், கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது, குனிந்து பார்த்தால் சிமெண்டுக் குருத்து. மூன்றாம் வாரம் அது இடுப்பளவு வந்தது. வாழையிலை சுருள் பிரிகிற மாதிரி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, ஐந்தாம் மாதம் மாடி விட்டது, எட்டாம் மாதம் கூரையில் மின்விசிறிகள் பிஞ்சு பிடித்து மூன்று இறக்கையாக விரிந்தன, ஒன்பது முடிந்து பத்துப் பிறந்தபோது முப்பது படுக்கையும் பிரசவ அறையும் வெள்ளைப் பூச்சுமாக ஒரு முழு ஆஸ்பத்திரி அங்கே நின்றது. கொத்தனார் கை படவில்லை, சித்தாள் தலையில் ஒரு சட்டி கலவை ஏறவில்லை.

வரகங்கிணற்றில் கல் மட்டும் இருந்தது. ஊருக்கு மேற்கே, நத்தம் புறம்போக்கில், அமைச்சர் பெயர் பொன்னெழுத்தில் மின்ன, நட்ட இடத்தில் நட்டபடி இருந்தது.

அந்தக் கல்லுக்குக் குழி வெட்டியவன் பரமன். அவன் பெண்சாதி சீனித்தாய், நூறுநாள் வேலைக்குப் போகிறவள், அன்றைக்கு ஊர்ப் பெண்களோடு நின்று குலவை போட்டவள். பொன்னங்காட்டில் ஆஸ்பத்திரி முளைத்த சேதி வந்தபோது ஊரோடு சேர்ந்து அவளும் சந்தோஷப்பட்டாள், பொய்யில்லை. ஊராட்சித் தலைவர் வெள்ளைச்சாமி இரண்டு வேன் பிடித்தார். பெண்கள் தாம்பாளத்தில் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டு, புது வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி போனார்கள். வளர்ந்துகொண்டிருந்த சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள். "நம்ம ஊருக் கல்லு ராசியான கல்லு" என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிந்தது, எங்களுக்கும் ஒரு கல் நடுங்கள் என்று அவர்களும் அமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள்.

பரமன் மட்டும் வேனில் ஏறவில்லை. "குழி நான் வெட்டுனது. மொளைக்கிறது மட்டும் அங்கன போயி மொளைக்குது" என்று ஒரே ஒரு தடவை சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான், பருத்திக்கு மருந்தடிக்கப் போய்விட்டான்.

அமைச்சர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. மேடையில் கண் கலங்கச் சொன்னார்: "நான் விதைச்சது மக்களுக்காக. அது எங்க அம்மா வாழ்ந்த மண்ணுல வந்து மொளைக்குதுன்னா, அந்தத் தாயோட ஆசீர்வாதம்." அதற்குக் கை தட்டினார்கள். மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் குழுவாக வந்து பொன்னங்காட்டு மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு போய், மண்ணின் வாகு அப்படி என்று பதினான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். யாரோ கோர்ட்டுக்குப் போனார்கள். எந்த நிலத்தில் விளைகிறதோ அந்த நிலத்துக்காரருக்கே விளைச்சல் சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே அடுத்த தேர்தலில் சொத்துக் கணக்குக் காட்டும் பிரமாணப் பத்திரத்தில் சொக்கநாதன் எழுதினார்: தோட்டம் ஒன்று, மரம் செடி கொடி, விளைச்சல் வகையறா. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது.

அதன் பிறகு வரகங்கிணற்றில் இன்னும் மூன்று கல் நட்டார்கள். உப்போடைக்குக் குறுக்கே பாலம் வேண்டும் என்று கேட்டார்கள், அமைச்சர் கல் நட்டார், பாலம் பொன்னங்காட்டில் தண்ணீரே இல்லாத இடத்தில் முளைத்து, ரோஜாச் செடிகளுக்கு மேலே வளைந்து நின்றது. கல்யாண ஜோடிகள் வாடகை கொடுத்து அதன்மேல் நின்று போட்டோ எடுத்தார்கள். குடிதண்ணீர்த் தொட்டிக்குக் கல் நட்டார், தொட்டி அங்கே முளைத்து அதுவாகவே நிறைந்தது. அந்தத் தண்ணீர் அமைச்சரின் தாயார் படம் ஒட்டிய கேன்களில் அடைபட்டு வரகங்கிணற்றுக்கே விலைக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நட்ட கல் இங்கிலீஷ் மீடியமாக முளைத்தது. ஊர் இதையெல்லாம் பழகிக்கொண்டது. நம்ம பாலம், நம்ம தொட்டி, நம்ம பள்ளிக்கூடம் என்றுதான் சொன்னார்கள், எட்ட இருந்து சொன்னார்கள். வெள்ளைச்சாமியின் மகனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. இன்னும் ஏழெட்டுப் பேருக்குக் கூட்டுகிற, பெருக்குகிற வேலை. தங்கள் ஊர்ச் சுவரைத் தாங்களே காவல் காத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்கும் அடுத்த தேர்தலில் சொக்கநாதன் தோற்றார். இனிமேல் வளராது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வேருக்குத் தேர்தல் தெரியாது. பதவியில் இருந்தபோதாவது மனு கொண்டுபோய்க் கேட்க ஒரு ஆள் இருந்தார், இப்போது யாரும் கேட்கவும் வழியில்லை, ஆகவே எல்லாம் முன்னைவிட வேகமாக வளர்ந்தது. மந்திரி என்று சொன்ன வாய்கள் கல்வித் தந்தை என்று சொல்லப் பழகின. அவரை மேடைக்கு மேடை திருடன் என்று திட்டி ஜெயித்த புது அமைச்சர், ஜெயித்த ஆறாம் மாதம் அவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார். புது அமைச்சருடைய தென்னந்தோப்பிலும் ஏதோ இரண்டு முளைத்திருப்பதாகப் பேச்சு வந்தது.

ஆஸ்பத்திரி முளைத்து ஒன்பது வருஷம் ஆன ஐப்பசியில், மத்தியானம் இரண்டு மணிக்கு, பருத்திக்காட்டில் பரமனைக் கண்ணாடி விரியன் கடித்தது.

சீனித்தாய் பக்கத்துப் பாத்தியில்தான் களை எடுத்துக்கொண்டிருந்தாள். செல்லையாவின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். உப்போடை இரு கரையும் அடித்துக்கொண்டு ஓடியது. பாலம் இருக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போனது. திரும்பி, பதினொரு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிப் பொன்னங்காட்டுக்குப் போனார்கள். அதற்குள் பரமனுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது, கால் தொடைவரை வீங்கிப் பளபளத்தது.

"மொதல்ல முன்பணம் கட்டணும்க்கா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். கெட்ட பெண் இல்லை, எழுந்து நின்றுதான் சொன்னாள்.

"ஆளப் பாருத்தா. பணத்த ஊருக்குப் போயி எடுத்தாறேன்."

"கம்ப்யூட்டர்ல ஏத்தாம டாக்டர் மருந்த எடுக்க மாட்டாருக்கா. மருந்து பூட்டுல இருக்கு."

செல்லையா ஆட்டோவை அடகு வைக்க ஓடினான். பரமனைப் பெஞ்சில் படுக்கவைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டு சீனித்தாய் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஏணி போட்டு ஒரு பெயிண்டர் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். அவர் பிரஷ் போன இடமெல்லாம் ஏதோ எழுத்துகள் மறைந்துகொண்டு வந்தன. பரமன் அதையே பார்த்தான். ஐந்தாவது வரை படித்தவன். வீங்கிய உதட்டால் கூட்டிக் கூட்டி வாசித்தான்: "அரசு... ஆரம்ப... சுகாதார..." அதற்குமேல் அவனுக்கு மூச்சு வரவில்லை. ஊர்ப் பேரை அவன் வாசிக்கவில்லை. பெயிண்டர் அதற்குள் பாதியை அடித்துவிட்டார்.

மிச்சத்தைச் சீனித்தாய் வாசித்தாள். கிணறு என்று இருந்தது. கிணறு மட்டும்.

"என்னய்யா இது?" என்று கேட்டாள். மடியில் இருந்த தலை கனத்துவிட்டது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அதைத்தான் கேட்டாள்.

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கினார். "மாசத்துக்கு ஒருக்கா அடிக்கேன் தாயி. மூணு கோட்டிங். முப்பதாம் நாள் திரும்ப ஊறி வந்துருது. மேல எழுதுனதுன்னா சுரண்டிரலாம். இது சொவத்துக்குள்ள இருந்துல்ல வருது."

பதினாறாம் நாள் சொக்கநாதன் துக்கம் கேட்க வந்தார். ஆளுயர மாலை வந்தது, உட்கார நாற்காலியும் அவர் காரிலேயே வந்தது. ஊர் முற்றத்தில் கூடி நின்றது.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. நீ நம்ம ஆஸ்பத்திரிக்கே வந்துரு. கூட்டிப் பெருக்குற வேலைதான், ஆனா மாசச் சம்பளம். உன் காலம் வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

"அது யாரு ஆஸ்பத்திரி ஐயா?"

வெள்ளைச்சாமி குறுக்கே வந்தார். "மதினி, ஐயா வீடு தேடி வந்து சொல்றாக."

"கேக்கட்டும்ப்பா" என்றார் சொக்கநாதன். முகம் மாறவில்லை. "எங்க நெலத்துல வெளைஞ்சது. கோர்ட்டே சொல்லியாச்சு. கல்ல உங்க ஊருலதான நட்டேன், தங்கச்சி? மனசார நட்டேன். அது இங்க மொளைக்காம அங்க மொளைச்சா நான் என்ன செய்ய முடியும்? சாமி குடுக்கிறத வேண்டாம்னு தள்ளுறதா?"

"சொவத்துல எங்க ஊரு பேரு வருது."

"அதான் மாசாமாசம் வெள்ளை அடிக்கோம்ல" என்றார் அவர், குறையைச் சரி செய்துகொண்டிருக்கிறவரின் பொறுமையோடு.

சீனித்தாய் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்தது துக்கம். அந்தக் கோபம் அவர்மேல் மட்டும் வரவில்லை, தாம்பாளம் ஏந்தி வேனில் போன தன்மேலும் வந்தது, ராசியான கல் என்று சொன்ன தன் நாக்கின்மேலும் வந்தது. வேலை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். சொக்கநாதன் தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை நூறுநாள் வேலைக்குக் கண்மாய்க் கரையில் பெண்கள் கூடினார்கள். அட்டையில் பேர் பதிந்ததும் சீனித்தாய் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தாள். மாரிக்கனி, ஆவுடை என்று சில பெண்கள் பின்னாலேயே போனார்கள். கல்லைச் சுற்றிக் கருவேலஞ்செடி மண்டியிருந்தது. வெட்டி எறிந்தாள். கல்லின் பக்கவாட்டில் முதல் கொத்துக் கொத்தினாள்.

வெள்ளைச்சாமி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "மதினி, அது அரசாங்கத்துக் கல்லு. கேசாயிரும்."

"ஆகட்டும்."

"என் மகன் பொழைப்பு அங்கன இருக்கு."

"உங்க அண்ணன் உசுரும் அங்கனதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கொத்துக் கொத்தினாள். 

உச்சிப்பொழுதுக்கு, கல்லுக்கு அடியில் நாலடி ஆழத்தில், வேர் தெரிந்தது. ஆள் தொடை மொத்தத்தில், கம்பியை முறுக்கிவிட்ட மாதிரி, துருவின் நிறத்தில், கிழக்கே பார்த்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது. காதை வைத்தால் சத்தம் கேட்டது. சக்கர வண்டி உருளுகிறது, யாரோ இருமுகிறார்கள், நர்ஸ் ஒருத்தி அடுத்த ஆளைக் கூப்பிடுகிறாள்.

மாரிக்கனிதான் முதலில் பேசினாள், எப்போதும் அவள்தான் முதலில் பேசுவாள். "அறுத்துப் போட்டுருவோம் சித்தி. இங்கன அறுத்தா அங்கன பட்டுப்போகும். நமக்கு இல்லாதது அவனுக்கும் இல்லாமப் போகட்டும்."

"அறுக்கக்கூடாது" என்று பின்னாலிருந்து ஆவுடை கத்தினாள். "எம்மக விடியக்காலத்துல இருந்து வலியோட உள்ள கெடக்கா. வாங்க வேண்டியதெல்லாம் வாங்கிட்டுத்தான் சேத்தாக. வேரை அறுத்தா சொவரு அவ தலையிலல்ல விழும்."

பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். மாரிக்கனியின் கையில் கோடாலி இருந்தது. அவள் புருஷனும் அதே பெஞ்சில்தான் போன வருஷம் செத்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில், குழிக்குள், வேரின்மேல் கையை வைத்தபடி சீனித்தாய் நின்றாள். அவளுக்கும் அறுக்கத்தான் ஆசை. அந்தக் கவுண்டரும் அந்தப் பெஞ்சும் அந்தச் சுவரும் தூள் தூளாக வேண்டும் என்று சொக்கநாதன் வந்துபோன நாளிலிருந்து அவள் உடம்பு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. கையின் கீழே வேர் துடித்தது. உள்ளே ஒரு பொம்பளை முக்கி முனகுகிற சத்தம் மண்ணுக்குள்ளே பதினெட்டு கிலோமீட்டர் வந்து அவள் உள்ளங்கையில் ஏறியது.

"நம்மது" என்றாள். "நம்மத நாமளே ஏன் அறுக்கணும். இழுப்போம்."

குழிக்குள் இறங்கி ஆறு பேர் பிடித்தார்கள், அசையவில்லை. இருபது பேர் பிடித்தார்கள், அசையவில்லை. கண்மாயில் இருந்தவர்கள் வந்தார்கள், தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் சேர்ந்தார்கள், செல்லையா வந்தான், ஆடு மேய்க்கிறவர்கள் வந்தார்கள், கடைசியில் வெள்ளைச்சாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து வேரின் நுனியைப் பிடித்தார். தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி எட்டு வைத்துப் பின்னால் சாய்ந்தார்கள். ஒரு முழம் வந்தது. அங்கே பொன்னங்காட்டில் ஆஸ்பத்திரி ஒரு முழம் நகர்ந்தது.

முதல் ஆட்டத்திலேயே பணம் வாங்குகிற மேனேஜர் ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார். நோயாளிகள் குதிக்கவில்லை, குதிக்கிற நிலையில் யாரும் இல்லை. வாசலில் காவலுக்கு நின்ற வெள்ளைச்சாமியின் மகன் கேட்டைத் திறந்துவிட்டான். ஆஸ்பத்திரி கொய்யா மரங்களை ஒதுக்கிக்கொண்டு, காம்பவுண்டு சுவரை இடித்துக்கொண்டு, தார்ச் சாலையைக் கடந்து மேற்கே வந்தது, ஜன்னல்களில் நர்சுகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்கள். மூன்று பகல் இழுத்தார்கள். வழியில் இருந்த ஊர்க்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சோறும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள், பிறகு மம்பட்டி எடுத்துக்கொண்டு தங்கள் தங்கள் ஊர்க் கற்களைத் தேடிப் போனார்கள். உப்போடையில் ஆஸ்பத்திரி யானை இறங்குகிற மாதிரி இறங்கியது. நட்டாற்றில் கவுண்டரும் பூட்டுப் போட்ட பெட்டியும் கழன்று தண்ணீரோடு போயின. அதே நட்டாற்றில் ஆவுடையின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ரசீது போட ஆள் இல்லை.

மூன்றாம் நாள் சாயந்திரம் அது நத்தம் புறம்போக்கில் வந்து உட்கார்ந்தது. எல்லாருக்கும் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியது. யாரும் குலவை போடவில்லை. சீனித்தாய் உள்ளே போனாள், அந்தப் பெஞ்சைப் பார்த்தாள், அதை இழுத்து வாசலில் போட்டுக் கோடாலியால் வெட்டிப் பிளந்தாள். பிறகுதான் அழுதாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே சொக்கநாதனின் வக்கீல். இருநூற்றுப் பதினாலு பேர் மேல் திருட்டுப் புகார். இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"திருட்டுப் போனது என்னன்னு எழுதணும் வக்கீல் சார்."

"ஆஸ்பத்திரி."

"ஐயாவோட பிரமாணப் பத்திரத்துல ஆஸ்பத்திரின்னு ஒண்ணு இல்லையே. மரம் செடி கொடின்னுதான இருக்கு. ஆஸ்பத்திரி இருந்துச்சுன்னு இப்ப எழுதினா, அப்ப ஏன் காட்டலன்னு கேப்பாங்க."

வக்கீல் போன் பேச வெளியே போனார். திரும்பி வந்து, கொய்யா மரங்கள் சேதம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். பதினேழு கொய்யா மரத்துக்கு இன்றைக்கும் அந்தக் கேஸ் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா சீனித்தாய் போய் வருகிறாள். சொக்கநாதன் அழிந்துபோகவில்லை. மிச்சமிருந்த கட்டிடங்களைச் சுற்றி ஆள் ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்களுக்குக் காங்கிரீட் போட்டார். அவர் மகன் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதாகச் சுவரில் எழுதினார்கள்.

டாக்டர் கேட்டு ஒன்பது மனு கொடுத்து, பத்தாவது தடவை கலெக்டர் ஆபீஸ் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு டாக்டரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர் நல்லவர். விஷக்கடி மருந்து பூட்டாத அலமாரியில் இருந்தது.

தை மாதம் புது அமைச்சர் வந்தார். உப்போடைப் பாலத்துக்குப் புதிதாக அடிக்கல். ஓடைக்கரையில் பந்தல், ரேடியோ செட், டி.வி.க்காரர்கள். ஒப்பந்தக்காரர் முதல் நாளே குழி வெட்டி வைத்திருந்தார். படம் எடுப்பதற்காக அமைச்சர் கல்லைத் தானே இரண்டு கையாலும் தூக்கினார், நல்ல கருங்கல், முப்பது கிலோவுக்குக் குறையாது, தூக்கிக்கொண்டு குழிப்பக்கம் திரும்பினால், குழிக்குள் சீனித்தாயும் மாரிக்கனியும் ஆவுடையும் இன்னும் ஒன்பது பெண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பூச்சி நுழைய இடமில்லை.

"என்னம்மா இது, மேல ஏறுங்க" என்றார் கலெக்டர்.

"ஏறிருவோம் ஐயா. பாலம் வரட்டும்."

"கல்லு நட்டாத்தானம்மா பாலம் வரும்."

"இதுக்கு முன்ன நட்டதெல்லாம் எங்க வந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும் ஐயா" என்றாள் சீனித்தாய். குரலை உயர்த்தவில்லை. "மொதல்ல பாலத்தக் கட்டுங்க. கட்டி முடிச்சு, நாங்க நடந்து அக்கரை போயிட்டு வந்த பெறகு, எந்த எடத்துல வேணும்னாலும் கல்ல நட்டுக்கோங்க. அதுவரைக்கும் அது மண்ணுல படக்கூடாது."

உதவியாளர் கல்லை வாங்கப் போனார். "அவுக கார்ல கொண்டுபோயி வீட்டுல எறக்கிருவாக, விடாதீக" என்று மாரிக்கனி சொல்ல, கரையில் நின்ற ஊர் காருக்கும் அமைச்சருக்கும் நடுவே வந்து நின்றது. மண்ணில் வைக்க முடியவில்லை. யாரிடமும் கொடுக்க முடியவில்லை. டி.வி.க்காரர்கள் கேமராவை இறக்கவில்லை. அமைச்சரின் கழுத்தில் வேர்வை இறங்கியது, முழங்கை நடுங்கத் தொடங்கியது, சிரிப்பு இருந்த இடத்தில் பல் மட்டும் இருந்தது.

"எவ்வளவு நேரம்மா இப்படியே நிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது உங்க கையில இருக்கு ஐயா. சிமெண்டு ஏத்துன லாரி இன்னைக்கே வந்தா இன்னைக்கே எறக்கலாம்."

அமைச்சர் கலெக்டரைப் பார்த்தார். கலெக்டர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே வேகமாக நடந்தார். குழிக்குள் நின்ற பெண்கள் யாரும் ஏறவில்லை, ஒருத்தி மாற்றி ஒருத்தி சாலைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.